மார்பளவுத் தண்ணீர்

என் அப்பா கரையில் நொண்டுவார், கடலில் நொண்டமாட்டார். சிறுவயதில் எனக்கு இது பெருமையாக இருந்தது. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் நடந்தார்கள்.

நாங்கள் திரேஸ்புரத்தில் இருந்தோம். அப்பா சங்கு குளிப்பவர். படகில் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் சங்கு தேடுவார்கள். மேலே வந்ததும் சிலருக்கு மூட்டெல்லாம் குத்தும். அப்போது அந்த ஆளை மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கி, மெல்ல மெல்ல மேலே ஏற்றுவார்கள். வலி அடங்கிவிடும். எந்த வலிக்கும் கடலே மருந்து என்று அப்பா நம்பிவிட்டார்.

ஆனால் அவருடைய வலது இடுப்பில் வந்த வலி போகவில்லை. தரையில் சம்மணம் போட முடியவில்லை. அம்மாதான் செருப்பை மாட்டிவிட்டாள். படுத்தாலும் வலி என்று உறக்கமும் கெட்ட பிறகு, அவரை எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். என்னையும் கூட்டிப்போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல இருந்தது.

“எல்லா மூட்டுவலிக்கும் நான் ஆப்பரேசன் சொல்லமாட்டேன் அண்ணாச்சி. மாத்திரை, ஓய்வுன்னுதான் முதல்ல பாப்பேன். இது காத்திருந்தா சரியாகிற வலி இல்ல. இந்தப் பந்துக்கு ரத்தம் போகல, எலும்பு செத்துக்கிட்டு வருது. ஆழத்துல குளிக்கிறவங்களுக்கு வர்றதுதான். இன்னும் உருண்டையா இருக்கு. இப்பவே எலும்புல துளை போட்டா காப்பாத்தப் பார்க்கலாம். நசுங்கிட்டுன்னா மூட்டையே மாத்தணும். இனிமே கடலுக்குள்ள இறங்காதீங்க.”

“தண்ணிக்குள்ள வலிக்கவே மாட்டேங்கு சார்” என்று மட்டும் சொன்னார் அப்பா.

வீட்டில் அம்மா ஆப்பரேசன் பேச்சை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மார்பளவுத் தண்ணீருக்குப் போனார். அங்கே கரைக்கு இணையாக, துளியும் சாயாமல் நிமிர்ந்து நடந்தார்.

“ஏளா, இங்கன பாரு! நொண்டுதேனா? என்னத்துக்குக் கத்தி வைக்கணும்?”

நான் கைதட்டினேன்.

“தண்ணிக்குள்ளயே குடும்பம் நடத்தப் போறியளா? வெளிய வந்து இதே மாதிரி நடங்க, பாப்போம்” என்றாள் அம்மா.

அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். தண்ணீர் இடுப்புக்கு இறங்கியபோது ஒரு தோள் சரிந்தது. முழங்காலுக்கு இறங்கியபோது சிரிப்பு நின்றது. கணுக்காலளவில் தொடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அம்மா சேலை நனைய ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள்.

ஆனாலும் மறுநாள் சங்குக்குப் போனார். அதற்குப் பிறகும் போனார். பந்து நசுங்கி, கால் குட்டையாகி, படகில் ஏறவே முடியாமல் போன பிறகுதான் சம்மதித்தார். மூட்டை மாற்றினார்கள். வலி போய்விட்டது. இன்று கம்பு ஊன்றிக் கோயிலுக்கு நடந்தே போகிறார். கடல் அவருடைய காலைக் குணப்படுத்தவில்லை, உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

அன்று கரையில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. “அப்பா எதுக்கும்மா வெளிய வரணும்? அங்கனயே இருக்கட்டுமே” என்று கேட்டேன். அம்மா அப்பாவைத் தாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள். ஈர மணலில் அவளுடைய காலடிகள் ஆழமாகப் பதிந்தன. நான் அந்தக் குழிகளுக்குள் என் காலை வைத்து வைத்து, விளையாடிக்கொண்டே பின்னால் போனேன்.