தூக்கிவிட ஒரு ஆள்

எலும்பு தேய்ந்திருக்கிறது, எடை தூக்குங்கள் என்றார் திருவாரூர் டாக்டர். தூக்கித் தூக்கித்தான் தேய்ந்தது என்று நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வேலைக்குப் போன பிறகு சாக்பீஸைத் தவிர வேறெதையும் பெரிதாகத் தூக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தஞ்சாவூரில் உடற்பயிற்சிச் சாமான் விற்கும் கடைக்குப் போய் பார்பெல் கேட்டேன். பேரனுக்கா என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றேன். என் நரையை ஒரு தரம், புடவையை ஒரு தரம் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த ரோஸ் கலர் டம்பெல்லைக் காட்டினார், பிள்ளைக்கு மிட்டாய் காட்டுவதுபோல. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுவரில் சாத்தியிருந்த பார்பெல் கம்பிகளை எடுக்கச் சொன்னேன்.

முதல் கம்பி பருமன், என் விரல்கள் சுற்றி வரவில்லை. இன்னொன்று வழுவழுவென்று கையை விட்டு நழுவியது. மூன்றாவது கொஞ்சம் மெலிசு, பிடிக்கும் இடத்தில் நல்ல சொரசொரப்பு. அதை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுவரை கொண்டுவந்தேன். அதற்குமேல் தலைக்கு ஏற்ற வேண்டும். அந்த இடத்தில் கை தானாக நின்றுவிட்டது. எதிரே அக்கா இல்லை.

அறுப்புக் காலத்தில் நெற்கட்டைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒரு ஆள் நின்று தூக்கிவிட வேண்டும். எனக்கு எப்போதும் அக்காதான். சும்மாட்டின்மேல் கட்டு உட்கார்ந்ததும் அவள் கையை எடுத்துவிட மாட்டாள். "நின்னுட்டியாடி?" என்பாள். நான் "ம்" சொன்ன பிறகுதான் விடுவாள். அப்புறம் தனக்குத் தூக்கிவிட வேறு யாராவது வரும்வரை தன் கட்டுக்குப் பக்கத்தில் காத்து நிற்பாள்.

மெட்ராசில் ஆட்சி மாறிய புதிதில் எங்கள் பக்கம் கூலிச் சண்டை வலுத்தது. ஒரு சம்பா அறுப்புக்குப் பண்ணையார் போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்களை இறக்கினார். நாங்கள் அறுப்புக்கு இறங்காமல் சங்கத்துச் செங்கொடியோடு வரப்பில் நின்றோம். வயலில் ஒரு வெளியூர்ப் பெண், என் வயசுதான் இருக்கும், தூக்கிவிட ஆளில்லாமல் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வரப்பிலிருந்து விறுவிறுவென்று இறங்கினாள். கட்டைத் தூக்கிவிட்டு, அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். சங்கத்தில் அன்று வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

"கட்டு தலையேறாம ஒருத்தி நின்னா, எப்படிங்க பாத்துக்கிட்டு நிக்கிறது?" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா குடவாசலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நான் படித்து வேலைக்குப் போனேன். அதற்குப் பிறகு எனக்குக் கைகொடுத்தவர்கள் எத்தனையோ பேர். கொடுத்துவிட்டு, நின்றுவிட்டாயா என்று கேட்டவர் ஒருவருமில்லை. அந்த ஒரு கேள்விக்காக எவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறேன் என்பது, கம்பியும் கையுமாகக் கடையில் நின்றபோதுதான் தெரிந்தது.

கடைக்காரர் இரும்பு ஸ்டாண்டு ஒன்றை நகர்த்தி வந்தார். "கம்பிய இதுல மாட்டிக்கிட்டா போதும்மா. தூக்கிவிட ஆளே தேவையில்ல." நல்ல சாமான்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெலிசுக் கம்பியையும் அதில் மாட்டும் சின்ன எடை பிளேட்டுகளையும் மட்டும் வாங்கி வந்தேன்.

அக்காவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். அவளுக்குத் தோள்பட்டை இறுகிப்போய்க் கை எழாது. தலைகூட மருமகள்தான் வாரிவிடுகிறாள். வந்தவள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, காசு கொடுத்துச் சுமை வாங்கியவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்தாள். நான் கம்பியை நெஞ்சுவரை கொண்டுவந்தேன். ஒரு மூச்சு இழுத்துத் தலைக்குமேல் ஏற்றினேன். கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அக்கா எழுந்து எதிரே வந்துவிட்டாள். இரண்டு கையையும் என் பக்கமாகத் தூக்கினாள். அவை இடுப்பளவோடு நின்றுவிட்டன.

"நின்னுட்டியாடி?" என்றாள்.

நான் "ம்" சொல்லவில்லை. சொன்னால் கையை இறக்கிவிடுவாள்.