கம்பு மூட்டைக்குச் சாட்சி

ரெட்டிபாளையத்தில் மகன் வீட்டுக்கு டி.வி. வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் பேசும் வெளிநாட்டுத் தொடர் ஒன்று போடுவார்கள். வானத்தில் கப்பல் ஓடும். நட்சத்திரங்களுக்குள்ளே சண்டை. ஐந்தாவது வரை படித்த எனக்குப் பாதி புரியாது. ஆனால் ஒரு வாரம் நடந்தது மட்டும் நன்றாகவே புரிந்தது. கூட்டாளி நாட்டுக்காரர்கள் சண்டையை விட்டுப் போய்விடக் கூடாது என்று, கப்பல் தலைவர், ஒரு சமையல்காரன் செய்யாத குற்றத்தை அவன் தலையில் கட்டி அவனைக் கொன்றுவிட்டார். பிறகு அவரையே கூண்டில் நிறுத்தினார்கள். சண்டை நேரத்தில் சட்டம் பார்த்தால் எல்லாரும் சாக வேண்டியதுதான் என்றார் அவர்.

"அவரு செஞ்சது சரிதானே அப்பத்தா? நீ சொல்லு" என்றான் பேரன்.

காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும் என்று எழுந்து போனேன். கொடியில் துணி எதுவும் இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே பயந்து கிடந்த காலம். எனக்கு ஏழு வயது. கல்லங்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுச் செலவு போக மிஞ்சிய தானியத்தைச் சர்க்காருக்குக் கொடுத்துவிட வேண்டும். பதுக்கினால் ஜெயில். அப்பா எட்டு மூட்டைக் கம்பைச் சோளத்தட்டைப் போருக்குள் வைத்திருந்தார். அதிகாரி வந்து போரைப் பிரித்துவிட்டார். பண்ணையாள் திருடி ஒளித்தது என்றார் அப்பா. பண்ணையாளுக்கு அப்பா வயது இருக்கும். நான் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னார் அவர்.

சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்க, அப்பா என்னைக் கூப்பிட்டார். அதிகாரி வரும் சேதி தெரிந்ததுமே, என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். சொல்லாவிட்டால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார்.

"அவந்தான் தூக்கிட்டுப் போனான். நான் பாத்தேன்."

வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத் திக்காமல் சொன்னேன்.

ஜெயிலுக்குப் போனவர் பிணமாகக்கூடத் திரும்பவில்லை. காய்ச்சல் என்றார்கள். அவர் பெண்சாதி பிள்ளைகளோடு எங்கே போனாள் என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. அந்தத் தொடரிலாவது தலைவரை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

நான் சாட்சி சொன்ன அன்று மத்தியானம் அதிகாரிக்கு எங்கள் வீட்டில்தான் இலை போட்டார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"புள்ளைய நல்லா பழக்கி வச்சிருக்கீங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.