வேட்டியில் ஓடிய படமும் எழுபது வளைவுகளும்

என் தங்கச்சிக்கு நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அப்பா கையெழுத்துப் போட வேண்டிய படிவம் மட்டும் ஒரு வாரமாக அரிசிப் பானைக்கு அடியில் கிடந்தது. பெண்கள் விடுதிக்கு மாதம் ஒருமுறை அப்பாவே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்பது அதிலிருந்த நிபந்தனை. நான் தங்கிப் படித்த பையன்கள் விடுதியில் அப்படி எதுவும் கிடையாது. திங்கட்கிழமைக்குள் படிவத்தைக் கொடுக்காவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அப்பா ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவ போயிட்டா மிளகு யாரு பறிக்கறது?"

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனாலோ என்னவோ, எந்தப் பிரச்சினையும் ஒரு கூட்டம் போட்டு விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவன். கல்லூரியில் பார்த்துவிட்டு நான் அழுத படம் ஒன்று இருந்தது. பெண் பிள்ளைகள் படிக்கக் கூடாது, ஆண் துணையில்லாமல் வெளியே வரக் கூடாது என்று சட்டம் போட்ட ஒரு நாடு. அங்கே ரொட்டிக் கடையின் பின்னறையில் ஒளிந்து படிக்கும் சிறுமிகளைப் பற்றிய படம். அப்பா அதைப் பார்த்தால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். நண்பனிடம் புரொஜெக்டரை இரவல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே மலையேறினேன்.

ஞாயிறு மதியம் மிளகு மூட்டை அடுக்கும் கொட்டகையைத் தார்ப்பாயால் மூடி இருட்டாக்கினோம். திரைக்கு அப்பாவின் திருவிழா வேட்டி. அதன் பச்சைக் கரை கீழே வந்துவிட்டதால், படம் முழுக்க எல்லோரும் புல்லில் நடப்பதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தலைமையில் பெண்கள் குச்சிக்கிழங்கும் கத்தியுமாக வந்து உட்கார்ந்து தோல் சீவத் தொடங்கினார்கள். சும்மா இருந்து எதையும் பார்க்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அப்பா ஒரு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

"ஒடுக்குமுறை என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம்" என்று ஆரம்பித்தேன்.

"படத்தப் போடு சாமி, கெழங்கு கறுத்துப் போயிரும்" என்றார் பெரியம்மா.

முதல் காட்சியில் பெண்கள் ரொட்டிக்காக வரிசையில் நிற்கிறார்கள். "ரேசன்ல சக்கர வந்திருச்சாட்ட இருக்குது" என்றார் பெரியம்மா. தனியாக வந்த ஒருத்தியைச் சீருடைக்காரன் ஒருவன் திருப்பி அனுப்பினான். ஏன் என்று நான் விளக்கினேன். கத்திகள் நின்றன.

"அப்ப ஆடு மேய்க்கப் போனாலும் ஆம்பள கூட வரோணுமா?"

"ஆமாங்க பெரியம்மா."

"எங்கூட்டுக்காரரக் கூட்டிட்டுப் போனா, ஆட்டோட சேத்து அவரையுமில்ல மேய்க்கோணும்."

படத்தில் பேசியது எங்களில் யாருக்கும் தெரியாத மொழி. கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. நான் நல்ல சொல்லாகத் தேடி ஒரு வசனத்தை முடிப்பதற்குள் படத்தில் மூன்று பேர் பேசிவிட்டுப் போய்விட்டார்கள்.

"நீ நகருண்ணா" என்று தங்கச்சி முன்னால் வந்தாள். அவள் சொல்லும்போது அந்தச் சீருடைக்காரன்கூட, "ஊட்டுக்குப் போ கண்ணு, பொழுது போவுதில்ல" என்றுதான் மிரட்டினான்.

பாதிப் படத்தில் சிறுமியின் அப்பா வருகிறார். வேறோர் ஊரில் ரகசியமாக ஒரு பள்ளி நடக்கிறது; மகளை அங்கே அனுப்ப அவருக்குத் துணிச்சல் இல்லை. வழியெல்லாம் காவல் இருக்கிறது, உன்னை எப்படி அனுப்புவேன் என்றுதான் எழுத்து ஓடியது. தங்கச்சி கண்ணிமைக்காமல் சொன்னாள்: "நீ போயிட்டா மிளகு யாரு கண்ணு பறிக்கறது?"

கொட்டகையே சிரித்தது. அந்தப் படத்தில் ஒரு செடிகூடக் கிடையாது, எல்லாம் கல்லும் மண்ணும். பிழையைத் திருத்த எழுந்த என்னை அம்மா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிளகுமில்ல ஒண்ணுமில்ல" என்றார். "அந்தாளு மூஞ்சியப் பாரு. ரோட்ட நெனச்சுப் பயந்துக்கறான். வெளிய சொல்ல வெக்கப்பட்டுட்டு மிளகுங்கறான்."

தங்கச்சி திரும்பினாள். "உங்களுக்கு எப்படீங்கப்பா தெரியும்?"

அப்பா வேட்டிக் கரையைப் பார்த்தார். அம்மாதான் கேட்டார்: "ஏனுங்க, நீங்க கடைசியா அடிவாரத்துக் காரவள்ளிக்கு எப்ப எறங்குனீங்க?"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. எங்கள் மலைப்பாதைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அப்பா தன் வாழ்நாளில் இரண்டு முறைதான் பஸ்ஸில் கீழே இறங்கியிருக்கிறார். முதல் முறை பாதி மலையில் வாந்தி. இரண்டாம் முறை மூன்றாவது வளைவிலேயே, கண்டக்டரின் பைக்குள். மாதம் ஒருமுறை நேரில் வர வேண்டும் என்று நான் படிவத்தைப் படித்துக் காட்டிய அன்றுதான் அவருக்கு மிளகு ஞாபகம் வந்திருக்கிறது.

"போக எழுபது, வர எழுபது சாமி" என்றார் என்னிடம், மெதுவாக.

"ஏந்தம்பி" என்றார் பெரியம்மா, "ஒரு எலுமிச்சம்பழத்துல போற சமாச்சாரத்துக்கா புள்ளையப் புடிச்சு வெச்சிருக்கற?"

இத்தனைக்கும் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கடைசியில் ரொட்டிக் கடைக்குப் பூட்டுப் போடுகிறார்கள். சிறுமி புத்தகப் பையோடு பூட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். வசனம் இல்லை. எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள்.

"அப்புறம்?" என்றார் அப்பா.

"அவ்வளவுதானுங்கப்பா. முடிஞ்சிருச்சு."

"அதெப்படி முடியும். அந்தப் புள்ள இன்னும் நின்னுட்டிருக்குதே."

படம் போன பிறகும் அவர் வெறும் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் காகிதத்த எடுத்துட்டு வா கண்ணு" என்றார்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ். அப்பா முன் சீட்டில், மூக்கில் எலுமிச்சம்பழம், கண்கள் இறுக மூடியபடி. பக்கத்தில் தங்கச்சி. ஒவ்வொரு வளைவிலும் எண் போட்ட பலகை உண்டு. இறங்கும்போது எழுபதில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும்.

"எத்தனாவது கண்ணு?"

பலகையில் நாற்பத்தொன்று. "பதினெட்டுங்கப்பா" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "பதினெட்டுன்னா இந்நேரம் காரவள்ளிச் சூடு அடிக்கோணும். இன்னும் குளுருது" என்றார். அடுத்த வளைவு வந்தது. பழத்தை இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"சரி, நீ சொல்லிட்டே வா."