கேரியர் இல்லாத வண்டி

தராசுக் கொக்கியில் மாட்டுவதற்கு முன்பே பெட்டியின் எடையைச் சொல்லிவிடுவார் குழந்தைராஜ். கைப்பிடிக்குள் இரண்டு விரலைக் கொடுத்து, தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி, கண்ணை மூடி, "பதினெட்டரை" என்பார். பிறகு தராசில் மாட்டிக் காட்டுவார். பதினெட்டரையாகவே இருக்கும். உடனே அடுத்த வாக்கியம் வரும்: "இன்னும் ஒன்றரை கிலோ எடம் சும்மா கெடக்குதே தம்பி." இந்த வாக்கியத்துக்குப் பயந்து, பெட்டியை வீட்டிலேயே கட்டிக்கொண்டு விமானம் ஏறியவர்கள் மன்னார்குடியில் உண்டு.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பெட்டியும் பையும் விற்கிற கடை அவருடையது. அறுந்த ஜிப்பைத் தைப்பது, சக்கரம் மாட்டுவது, அட்டைப் பெட்டியை நைலான் கயிற்றால் வரிந்து கட்டி மேலே கொட்டை எழுத்தில் பெயர் எழுதுவது எல்லாம் அங்கே நடக்கும். சிங்கப்பூரோ துபாயோ மஸ்கட்டோ, இந்த ஊரிலிருந்து கிளம்புகிற பயணம் அநேகமாக இந்தச் சந்தைத் தொட்டுத்தான் போகிறது.

ஆனால் அவர் மனம் இருப்பது வேறொரு வேலையில். அதற்குக் கூலி வாங்குவதில்லை. கடையின் பின்சுவரில் நாலு தட்டு அலமாரி ஒன்று இருக்கிறது. மகன்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் கொண்டுவந்து வைத்த பொட்டலங்கள் அதில் ஊர்வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். வடகம், மாவடு, பருப்புப் பொடி, ஒரு முறை அம்மிக் குழவிகூட. மஸ்கட் போகிற பையன் பெட்டி வாங்க வந்தால் மஸ்கட் தட்டிலிருந்து ஒரு பொட்டலம் இறங்கிவிடும். பையன் முனகுவான். குழந்தைராஜ் அவன் சட்டைகளை உதறி, சுருட்டி, ஷூவுக்குள் பொடியையும் தொப்பிக்குள் வடகத்தையும் செருகிக் காட்டுவார். "எடம் இல்லைங்கிறது பொய் தம்பி. ஒனக்கு மடிக்கத் தெரியலைங்கிறதுதான் நெசம்." இருபத்திரண்டு வருடங்களாக இப்படி அடுத்தவர் பெட்டியில் தாராளமாக இருந்துவருகிற மனிதர் அவர்.

போன ஐப்பசியில் இவர் தனக்கே ஒரு பயணம் வைத்துக்கொண்டார். கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். அதைப் பார்த்துவர வேண்டும், மோட்டார் சைக்கிளில், தனியாக. வயது நாற்பத்தொன்பது. அதுவரை அவர் போயிருந்த அதிகபட்ச தூரம் திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு வரை. அதற்கு அப்பால் பெட்டிகள்தான் போயிருக்கின்றன.

ரயிலில் போகலாமே என்றார் எல்சி. எல்சி அவர் மனைவி. கடையில் ஜிப் தைக்கிற மெஷின் அவர் பொறுப்பு.

"ரயில்னா பெட்டி வேணும். பெட்டின்னு ஒண்ணு இருந்தா பொட்டலம் தானா வந்து உக்காந்துக்கும். ஒரே ஒரு தடவ என் சாமானோட மட்டும் போயிட்டு வரணும் எல்சி. வேற யாரு வீட்டு வடகமும் என் கூட வரக்கூடாது."

"இத ஒங்க கடையில வந்து ஒரு பையன் சொன்னா விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு எல்சி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

கீழப்பாலத்துப் பக்கம் சேக் தாவூது பட்டறை வைத்திருக்கிறார். பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து விற்பவர். வண்டி வாங்க வருகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், ஒரு உதை உதைத்துச் சத்தம் கேட்பார்கள். குழந்தைராஜ் எஞ்சின் பக்கமே போகவில்லை. வண்டிக்குப் பின்னால் போய் நின்று, சீட்டுக்கு அப்புறம் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று சாண் போட்டு அளந்தார். இடம் தாராளமாக இருந்தால் முகம் சுளித்தார்.

முதலில் புல்லட். கம்பீரமான வண்டி, கோவா என்ன, காஷ்மீரே போகலாம் என்றார் தாவூது. குழந்தைராஜ் ஏறி உட்கார்ந்து பட்டறைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். "இதுல நான் தெருவுக்குள்ள வந்தா சனங்க எந்திரிச்சு நிக்கும் பாய். பொட்டலம் குடுக்காது, வாஸ்தவம். மனு குடுக்கும்." அடுத்தது ஒரு ராஜ்தூத். முன்பு பால்காரரிடம் இருந்த வண்டி. அதைக் கண்டால் இரண்டு பக்கமும் எதையாவது தொங்கவிட யாருக்கும் கை அரிக்கும் என்று அதையும் தள்ளினார். டி.வி.எஸ். ஐம்பதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நெல் மூட்டை, பெண்டாட்டி, இரண்டு பிள்ளை, ஒரு ஆட்டுக்குட்டி என்று அதில் ஏறாதது எதுவும் இந்த ஜில்லாவில் இல்லை. கடைசியாக, ஒரு வருடம்கூட ஓடாத ஹீரோ ஹோண்டாவைத் தாவூது துடைத்துக் காட்டினார். வாத்தியார்களும் எல்.ஐ.சி. ஏஜெண்டுகளும் ஓட்டுகிற வண்டி, மானமரியாதையானது.

"அதான் பாய் வம்பு. இதுல போறவன ஊரு நம்பிரும்."

பட்டறை மூலையில், சாக்குக்கு அடியில், சிவப்பு நிறத்தில் ஒரு யமஹா கிடந்தது. சிங்கப்பூர் போய்விட்ட ஒரு கல்லூரிப் பையன் விட்டுப்போனது. டேங்கில் நெருப்பு எரிகிற மாதிரி ஸ்டிக்கர். கேரியர் கிடையாது. குழந்தைராஜ் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது.

"இந்த வண்டில வர்றவன நம்பி யாராச்சும் மாவடு குடுப்பாங்களா பாய்?"

"பொண்ணே குடுக்க மாட்டாங்கண்ணே."

"அப்ப இதுதான்."

நீண்ட தூரம் போகிறவருக்கு உதவட்டும் என்று தாவூது தன் செலவில் ஒரு கேரியர் மாட்டி மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். குழந்தைராஜ் அங்கேயே அதைக் கழற்றச் சொன்னார். பக்கவாட்டுக் கொக்கியும் போயிற்று, சேலை கார்டும் போயிற்று. கேரியர் மாட்ட வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கழற்ற வந்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தாவூது இன்றும் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பை தேர்ந்தெடுக்க மூன்று வாரம் ஆயிற்று. கடையில் முப்பது ரகம் தொங்குகிறது. எதைப் புகழ்ந்து அவர் ஊருக்கு விற்றாரோ அதுவே அவருக்குக் குறையாகப் பட்டது. பக்கப் பை வைத்தது வேண்டாம், பக்கப் பையில் யாராவது பொட்டலத்தைச் செருகிவிடுவார்கள். ஜிப்பைத் திறந்தால் நாலு விரற்கடை அகலமாகிற பை வேண்டவே வேண்டாம். போன தீபாவளிக்கு அதில் மட்டும் நாற்பது விற்றிருந்தார். கடைசியில் தலையணை உறை மாதிரி ஒரே ஒரு வாய் உள்ள காக்கிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டார். இரண்டு சட்டை, ஒரு கைலி, மழைக்கோட்டு, பஞ்சர் ஒட்டுகிற சாமான், கிளட்ச் கேபிள், ஒரு பிளக், டார்ச் லைட், செபமாலை. அப்படியும் பை பாதிதான் நிறைந்தது. காலியிடம் அவரைப் பயமுறுத்தியது. ஒரு தலையணையை உள்ளே திணித்து வாயை இறுக்கிக் கட்டினார். பிறகு எல்சி முன்னால் நின்று, "எடம் இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தார். குரல் எடுபடவில்லை. பழக்கமில்லாத வார்த்தை அது, இன்னும் நாலு தடவை சொல்லிப் பாருங்கள் என்றார் எல்சி.

பயணம் ரகசியம். வண்டி யாருடையது என்று கேட்டவர்களிடம் தங்கை மகனுடையது என்றார். இவ்வளவு ஜாக்கிரதையான மனிதர், கிளம்புவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, பயத்தில் ஒரு காரியம் செய்தார். வாழ்நாளில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டியவர் அல்ல. அதனால் நல்லபடி போய்த் திரும்ப ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரு வேண்டுதல் வைக்கக் கோயிலில் சீட்டு எழுதிக் கொடுத்தார். மொட்டையாக எழுதினால் சவேரியார் குழம்புவார் என்று நினைத்தாரோ என்னவோ, விவரமாகவே எழுதினார். சாமியாரும் அதை விவரமாகவே, மைக்கில், நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "வருகிற வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, தஞ்சாவூர், திருச்சி, சேலம், பெங்களூர், ஹூப்ளி வழியாகக் கோவா செல்லும் நமது பங்கைச் சேர்ந்த குழந்தைராஜ் அவர்களுக்காக மன்றாடுவோம்." சபை மன்றாடியது. பெங்களூரில் பிள்ளை இருப்பவர்கள் கூடுதலாக மன்றாடினார்கள்.

பூசை முடிந்து வெளியே வருவதற்குள் கோயில் கேட்டில் ஏழு பேர் நின்றார்கள். மத்தியானத்துக்குள் செய்தி பள்ளிவாசல் தெருவைத் தாண்டி ராஜகோபாலசாமி கோயில் வாசலை அடைந்துவிட்டது. வந்தவர்களிடம் அவர் வண்டியைக் காட்டினார். கேரியர் இல்லை பாருங்கள் என்றார். பையைக் காட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. ஊரே அவரிடம் பாடம் படித்த ஊர். சட்டையைச் சுருட்டச் சொன்னாள் ஒருத்தி. மழைக்கோட்டுக் கைக்குள் முருங்கைக்காய் நிற்கும் என்றாள் இன்னொருத்தி. தலையணை எதற்கு, பஞ்சை எடுத்துவிட்டு அந்த உறைக்குள் வடகம் போட்டால் தலைக்கும் ஆச்சு பெங்களூருக்கும் ஆச்சு என்று கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு சிங்காரவேலு. அரிசி மண்டி வைத்திருப்பவர், குழந்தைராஜுக்கு மூத்தவர். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அவர் அனுப்ப நினைத்தது அஞ்சு கிலோ பொன்னி.

"எடம் இல்லீங்க" என்றார் குழந்தைராஜ். இந்த முறை குரல் வந்துவிட்டது.

சிங்காரவேலு கோபப்படவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே அலமாரியைப் பார்த்தார். "துபாய் தட்டுல எத்தன இருக்கு?"

"பதினொண்ணு."

"என் சின்னவன் தை மாசம் துபாய் போறான். அவன் பெட்டியிலயும் எடம் இல்ல குழந்தை. எவன் பெட்டியிலயும் இனிமே இருக்காது. நீ காட்டுன வழிதான்."

அவர் போனபிறகு குழந்தைராஜ் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரே ஒரு தரம் கை வீசிக்கொண்டு போய்வர ஆசைப்பட்டால், திரும்பி வரும்போது அலமாரியை மூடிவிட வேண்டியிருக்கும். துபாய் தட்டின் பதினோரு தாய்மார்கள் தொடங்கி எல்லோரையும் கூப்பிட்டு அவரவர் பொட்டலத்தை அவரவரிடம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டாலோ, அதற்கு அவர் லாரியிலேயே போயிருக்கலாம். யோசித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒத்துக்கொள்ளாமல் கிளம்புவதென்றே முடிவு செய்தார். மூன்று நாளும் யார் வந்தாலும் அதே மூன்று வார்த்தை: இல்லீங்க, எடம் இல்லீங்க.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. ஐந்தே காலுக்கு வண்டியை வெளியே தள்ளி, பின்சீட்டின் கடைசியில் பையைக் கட்டினார். சந்து அமைதியாக இருந்தது. ஆனால் ஒரு கதவும் முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. சிங்காரவேலு வீட்டு ஜன்னலில் ஒரு துணிப்பையின் காது தெரிந்தது. எல்சி வாசலில் நின்றார். வண்டிக்கும் அவருக்கும் சேர்த்து ஒரு சிலுவை போட்டார்.

எஞ்சின் பிடித்தபோது அம்சம் வந்தாள். வடபாதி கிராமத்தில் நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவள். முதல் பஸ்ஸில் வந்திறங்கி ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. அவள் மகன் மூன்று வருடமாகக் கோவாத் துறைமுகத்தில் சுமை ஏற்றுகிறான். ஒவ்வொரு போகத்துக்கும் கையில் காசு வந்ததும் ஒரு பொட்டலத்தோடு கடைக்கு வந்து, கோவா போகிறவர்கள் யாரும் உண்டா என்று கேட்பாள். துபாய்க்கு ஆள் போவார்கள், மலேசியாவுக்குப் போவார்கள், கோவாவுக்கு யார் போகிறார்கள்? குழந்தைராஜ் அனுப்ப வழியில்லாமல் திருப்பிக் கொடுத்தது அவளுடையதை மட்டும்தான், அதையும் ஐந்து தடவை.

இடுப்பில் இருந்த பொட்டலத்தின் வாசனை அவளுக்கு முன்னால் வந்தது.

"கருவாடாம்மா?"

"ஆமாங்கய்யா. வேதாரண்யத்துது."

"கோவாவே கடல்லதான் கெடக்கு. அங்க மீனுக்குப் பஞ்சமா?"

"மீனு கெடைக்கும்ங்க. ஆத்தா குடுத்தான்னு யாரு குடுப்பா?" அவள் பையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "எடம் இல்லைன்னு சொன்னாங்கய்யா. பரவால்ல. அவனப் பாத்தா, ஒங்காத்தா நல்லாத்தான் இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அதுக்கு எடம் வேணாமுல்ல."

குழந்தைராஜ் பெட்ரோல் மூடியை அழுத்திப் பார்த்தார். கண்ணாடியைத் திருகினார். சாலையில் யாரோ எதிரே வருகிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டே, சீட்டில் ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் பைக்கும் நடுவே விழுந்த இடத்தில் அம்சம் பொட்டலத்தை வைத்து அழுத்தினாள்.

சந்தில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. குழந்தைராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு டேங்கில் முட்டும்வரை இன்னும் ஒரு சாண் நகர்ந்தார்.