கர்லாக்கட்டை சுற்றிய வருடம்

நான் வேலை பார்த்த தையல் கம்பெனியைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். கணவர் காலை ரயிலுக்குக் கிளம்பியதும் வீடு என்னைப் பிடித்துத் தள்ளும். உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. பெருக்கிய தரையையே மறுபடி பெருக்குவேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஒரு கர்லாக்கட்டை கிடந்தது. அடி பருத்து, கைப்பிடி மெலிந்து, ஒரு பக்கம் லேசாக வெடித்திருந்தது. எடுத்துப் பார்த்தேன்.

"அந்தக் காலத்துல போருக்குப் போறவங்க சுத்தினதும்மா. வூட்டுக்காரருக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

என் கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கட்டையை வாங்கி, முதுகுக்குப் பின்னால் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "தோள்லருந்து வரணும். மணிக்கட்டால இழுத்தா பேஜாராயிடும்."

மறுநாளே மொட்டை மாடியில் தொடங்கினேன். பத்துச் சுற்று என்று நினைத்து நாற்பது சுற்றினேன். மூச்சு முட்டும்போதுதான் மனம் கொஞ்சம் அடங்கியது. கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட வந்து வாளியோடு நின்றார்.

"இன்னாம்மா இது, பொம்பளை கட்டையைச் சுத்திகினு?"

"சும்மா இருக்க முடியலைக்கா."

ஒன்பதாம் நாள் வலது தோள் பிடித்துக்கொண்டது. அவசரத்தில் மணிக்கட்டால் இழுத்திருந்தேன். தலை வாரக்கூடக் கை எழவில்லை. "யாரோட சண்டைக்குப் போறே?" என்று கணவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. மூன்று வாரம் கட்டையைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அந்த மூன்று வாரம் வேலை போனதைவிடக் கொடுமையாக இருந்தது.

பிறகு ஐந்து சுற்றிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை எண்ணி எண்ணி, மெதுவாக. கூடவே சுவரில் கையூன்றித் தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி கொஞ்சம். மழைக்காலம் வந்தபோது ரவிக்கையின் கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. பலம் வந்தது; பரபரப்பு போகவில்லை. அதற்கும் ஒரு வேலை வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

பெருங்களத்தூரில் ஒரு பார்சல் ஆபீஸில் கணக்கெழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "கணக்கு மட்டும் இல்லைம்மா. பசங்க வராத அன்னிக்குப் பண்டலையும் தூக்கணும். அதனால ஆம்பளைங்களைத்தான் பாக்கறோம்."

வாசலில் ஒரு துணி பண்டல் இருந்தது. புடவையை இழுத்துச் செருகி, முழங்காலை மடக்கி, தூக்கித் தராசில் வைத்தேன். மூச்சு வாங்கியது. அது அவருக்குத் தெரியாமல் நின்றேன்.

அவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க" என்றார்.

எட்டு மணிக்கே போய், பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தேன்.