வழுக்கையில் விழுந்த சிவப்புப் பொட்டு

அற்புதராஜுக்கு வயிறு எரிந்தது. காரணம், பக்கத்து வீட்டு லால் பாஷா. ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குப் போயிருந்தார்கள். அங்கே பாஷா தன் மாமியார் சைக்கிள் பழகிய கதையை அவிழ்த்துவிட, அற்புதராஜின் மனைவி மேரிராணி விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். அந்தச் சிரிப்பை இவரால் ஒருநாள் வரவழைக்க முடிந்ததா? அட, போங்க!

இருவருக்கும் ஓசூரில் ஒரே கம்பெனி, வருகிற மாதம் ஒரே நாற்பது வயசு. பாஷா லேத் ஓட்டுகிறவன். அற்புதராஜ் அங்கே பீஸ்களை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்டர். அளவு தப்பிய பீஸில் கட்டைவிரலால் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தால் அது ரிஜெக்ட். பல்லை இளித்துக்கொண்டு பொட்டு வைத்தால் எவன் மதிப்பான்? அதனால் மனுஷன் உர்ரென்ற முகத்தை வீட்டுக்கும் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை காலை காபி குடிக்கும்போது ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தார். மேரிராணி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சலாங்க?" என்றாள்.

மறுநாள் வேலையில் பாஷாவின் லேத் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 'அப்படி என்னத்தைத்தான் சொல்றான் பாவி?' யோசனை வந்தால் கட்டைவிரலை வழுக்கையில் ஊன்றிக்கொள்வது அற்புதராஜின் பழக்கம். அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தார்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். பாஷா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லப்பா."

வீட்டில் மேரிராணி கதவைத் திறந்தவள் திகைத்து நின்றாள். "ஏங்க, மண்டையில என்ன ரத்தம்?"

கண்ணாடியில் பார்த்தார். நடு வழுக்கையில் சிவப்புப் பொட்டு! பஸ்ஸில் நாற்பது பேர் பார்த்திருக்கிறான்கள், ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. இந்த மூஞ்சியிடம் எவன் சொல்லுவான்? கோபம் மளமளவென்று ஏறி, ஏறின வேகத்தில் எங்கோ காணாமல் போனது. அதே உர்ரென்ற முகத்தோடு சொன்னார்.

"ரத்தமில்லடி. நாப்பது வயசாகுதில்ல? அளவு தப்பிப்போச்சு. நானே ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

மேரிராணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ மாதாவே!" விலாவைப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாஷா குரல் கொடுத்தான். "என்ன தங்கச்சி, அங்க ஒரே சிரிப்பு?"

அற்புதராஜ் ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டார். "அவன்கிட்ட சொல்லிடாத. நாளைக்கே தன் கதையாக்கிடுவான். இது என்னுதுடி."