கறுப்பு வெள்ளைப் படம்

ஏரலில் எங்கள் பாத்திரக்கடை வியாபாரம் படுத்ததும், அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு, "இவர் தொடங்கிய கடை" என்று எழுதினேன். ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் பாராட்டினார்கள். அந்த உற்சாகத்தில் அதையே பெரிய ஃபிளெக்ஸாக அடித்து பஸ் ஸ்டாண்டில் கட்டினேன். எங்கள் பக்கம் ஃபிளெக்ஸில் கறுப்பு வெள்ளை முகம் வந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மாலையோடு வந்த பூக்கடைக்காரர், கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து வெலவெலத்துப்போனார். "அண்ணாச்சி, நீங்க இருக்கியளா!" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பிறகும் பலர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒருவரும் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை.

சாயங்காலம் அப்பாவின் சிரிப்பு அடங்கியது. "ஏலே, பெரியவன் கூப்பிட்டானா?" என்றார். அவரோடு சண்டை போட்டுவிட்டுச் சென்னைக்குப் போன என் அண்ணனைத்தான் கேட்டார்.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த ஃபிளெக்ஸைப் படமெடுத்து, அப்பா இறந்துவிட்டதாகப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே அண்ணன் ஒரு கும்பிடும் கையைப் போட்டிருந்தான். அதோடு சரி.

"அவனுக்கு விஷயம் தெரியாதுப்பா" என்று பொய் சொன்னேன்.

விளம்பரம் எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றுதான் எந்தக் கடைக்காரனும் நினைப்பான். அந்த ஒருத்தனுக்கு மட்டும் சேராமல் இருந்திருக்கலாம்.